சிறுவீட்டுப் பொங்கலும் பெரிய வீட்டு அடுக்களையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

உணவு, உடை, உறையுள் என்று மனிதனின் தேவைகளை மூன்றாக வகுத்துச் சொல்வது வழக்கம். இவற்றுள் உடையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வாங்குகிறோம். வீட்டை வாழ்நாளில் ஒருமுறை கட்டுகிறோம். உணவை மட்டும் நாள்தோறும் மூன்று வேளையும் புதிதாக ஆக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய வேலை பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவர் தலையில் விழுகிறது. மற்றவர்கள் தட்டின் முன் உட்காரும்போதுதான் அந்த வேலையை நினைக்கிறோம். குழம்பில் உப்புக் குறைந்துவிட்டால் இன்னும் நன்றாக நினைக்கிறோம்!

பிள்ளைகள் சமையலில் பங்கு கொள்ள வேண்டும், ஆக்கியதைக் குடும்பமாக அமர்ந்து பகிர்ந்து உண்ண வேண்டும் என்று இன்று பலரும் கூறுகிறார்கள். இது ஏதோ புதிய கருத்துப் போலத் தோன்றலாம். ஆனால் பொதிகை மலையடியில் பாபநாசம் தொடங்கித் தாமிரபரணி பாயும் ஊர்களில் இதற்கென்றே ஒரு திருநாள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதுதான் சிறுவீட்டுப் பொங்கல். அதைப் பற்றி விளக்கி, அதிலிருந்து நம் வீடுகள் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுவீட்டுப் பொங்கல் என்பது என்ன?

மார்கழி மாதத்தில் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்பிள்ளைகள், கோலத்தின் நடுவே சாணத்தை உருண்டையாகப் பிடித்து வைத்து, அதன்மேல் பூசணிப் பூவைச் செருகுவார்கள். வெயில் ஏறியபின் பூவையும் சாணத்தையும் சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். மாதம் முழுவதும் இப்படி நடக்கும்.

தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபின் வீட்டு முற்றத்தில் களிமண்ணால் ஒரு சிறு வீடு கட்டப்படும். அதற்கு வாசல் உண்டு, திண்ணை உண்டு, அடுக்களையும் உண்டு. சில வீடுகளில் மண்ணால் கட்டாமல் கோலப்பொடியால் வீட்டின் வடிவத்தை வரைந்துகொள்வார்கள். பொங்கலிடும் நாள் ஊருக்கு ஊர் மாறும். அன்று அந்தச் சிறு வீட்டின் முன் அடுப்பு மூட்டிச் சிறு பானையில் பொங்கலிடுவது அவ்வீட்டுப் பெண்பிள்ளைகளே. பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். ஆனாலும் பொங்கல் பிள்ளைகளுடையது. பிறகு பூ வறட்டிகளை ஆற்றுக்கு எடுத்துச் சென்று, அவற்றின்மேல் சூடம் ஏற்றி, நீரில் மிதக்கவிடுவார்கள். ஆக்கிய பொங்கலை எல்லாரும் பகிர்ந்து உண்பார்கள்.

நம் கத்தோலிக்க வீடுகளில் இவ்வழக்கம் இல்லை. நாம் பொங்கலன்று கோயில் வளாகத்தில் பொங்கலிட்டுத் திருப்பலி காண்கிறோம். ஆயினும் அடுத்த வீட்டு முற்றத்தில் சிறுவீட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வீட்டு ஆச்சிமார் இலையில் வைத்துக் கொடுத்த பொங்கலைத் தின்று வளர்ந்தவர்களும் நாம்தான்.

சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டுவதைச் 'சிற்றில்' என்றும், அங்கே சோறு ஆக்கி விளையாடுவதைச் 'சிறுசோறு' என்றும் நம் பழந்தமிழ் இலக்கியங்கள் கூறுகின்றன. பிள்ளை விளையாட்டாக இருந்த அதை ஒரு திருநாளாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள் நம் பகுதி மக்கள்.

சிறுவீடு சொல்லும் பாடங்கள்

சற்று ஆராய்ந்து பார்த்தால் இந்தத் திருநாளுக்குள் நல்ல ஆசிரியர் ஒருவர் மறைந்திருப்பது தெரியும்.

முதலாவது, பானை சிறியது. ஆனால் அரிசி உண்மையான அரிசி. பிள்ளைக்கு ஏற்ற அளவில் வேலை கொடுக்கப்படுகிறது. ஆனால் அது பொய் வேலை அன்று. அதில் பொங்குவதை வீட்டார் உண்ணத்தான் போகிறார்கள்.

இரண்டாவது, இடம் பிள்ளைகளுடையது. அம்மாவின் அடுக்களையில் ஓர் ஓரமாக நிற்பவளாக அல்லாமல், தன் வீட்டில் தான் சமைப்பவளாகச் சிறுமி அங்கே அமர்கிறாள்.

மூன்றாவது, ஆயத்தம் நீண்டது. ஒரு வேளைப் பொங்கலுக்காக ஒரு மாதம் விடியற்காலையில் எழ வேண்டியிருக்கிறது. உணவு என்பது தட்டில் தொடங்குவது அன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நான்காவது, அன்று பெரியவர்கள் விருந்தினர். பொங்கல் குழைந்தாலும் அடிபிடித்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. "நல்லா இருக்கு தாயி" என்று சொல்லி உண்கிறார்கள்.

ஐந்தாவது, ஆக்கியவள் தனியே தின்பதில்லை. பகிர்ந்தால்தான் பொங்கல் முடிவு பெறுகிறது.

இவ்வளவு சிறப்புடைய வழக்கத்தில் ஒரு குறை மட்டும் உண்டு. இதில் அண்ணன் தம்பிமாருக்கு அடுப்பருகே இடமில்லை. அதைப் பற்றிப் பிறகு கூறுவேன்.

உதவியா, பங்கா?

"அம்மா, நான் ஏதாவது உதவட்டுமா?" என்று கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லை உற்று நோக்குங்கள். உதவி என்று சொல்லும்போதே, வேலை அம்மாவுடையது, நாம் இரக்கப்பட்டுக் கை கொடுக்கிறோம் என்ற பொருள் வந்துவிடுகிறது. விருப்பமிருந்தால் உதவலாம்; இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பங்கு என்பது அப்படி அன்று. ஒரு வேலை என்னுடையது. நான் செய்யாவிட்டால் அது நடக்காது என்பதே பங்கு.

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் உலைக்கு அரிசி அளக்கும் வேலையை ஒரு பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு என்று அவள் கணக்கிடுவாள். சோறு மிஞ்சினால் மறுநாள் குறைப்பாள். மாதக் கடைசியில் அரிசி டப்பாவின் அடி தெரியும்போது, அப்பாவின் முகத்தில் தெரியும் கவலைக்குக் காரணம் யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கும்.

அந்த அரிசியின் பின்னாலும் பெரிய கதை இருக்கிறது. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 143 அடி. இன்று எத்தனை அடி என்று பார்ப்பது இப்பகுதி விவசாயிகளின் வழக்கம். அணையிலிருந்து வரும் நீர் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று கால்வாய் கால்வாயாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. கார், பிசானம் என்று இரு போகம் விளைகிறது. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-ல் வெளிவந்த ஏ.எஸ்.டி. 16 என்னும் நெல்லைத் தமிழ்நாடெங்கும் அறிவார்கள். இத்தனையையும் பாடப் புத்தகத்தில் படித்தால் தேர்வோடு மறந்துவிடும். அரிசி அளக்கும் கைக்கு மறக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எங்கள் பகுதியில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார் பலர். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. அடுப்பருகே நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த எண்ணிக்கையில் குறைந்துபோகும். இப்படிப்பட்ட வீடுகளில் மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அடுப்பையும் கைக்குழந்தையையும் அவளிடம் ஒப்படைப்பது முன்பு சாதாரணமாக இருந்தது. நம் பாட்டிமார் பலருடைய படிப்பு அப்படித்தான் நின்றது. அதைப் பங்கு என்று சொல்ல முடியாது, அது சுமை. பங்கு எல்லாருக்கும் பிரிந்து போகும். சுமை ஒருத்திமேல் விழும். பங்கு பிள்ளையின் கையில் புத்தகத்தையும் விட்டுவைக்கும். சுமை அதைப் பறித்துக்கொள்ளும். பிள்ளைகளைச் சமையலில் சேர்ப்பது என்று நான் கூறுவது முன்னதைத்தான்.

கூட்டாஞ்சோறு என்னும் பாடம்

குடும்பமாகச் சமைக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு நம் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோற்றைப் போல ஏற்ற உணவு வேறில்லை. பெயரிலேயே கூட்டு இருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஆற்றங்கரையிலோ தோப்பிலோ ஒன்றாகப் பொங்கித் தின்ற விளையாட்டுக்கும் கூட்டாஞ்சோறு என்றே பெயர். இதில் வேலைகள் பல. அவை வெவ்வேறு வயதினருக்குப் பொருந்துவன.

தேவையானவை: இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், ஒரு துண்டு மாங்காய், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, கொஞ்சம் புளி. அரைப்பதற்குத் தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மஞ்சள். தாளிக்க எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வெங்காய வடகம்.

ஐந்து வயதுக் குழந்தை முருங்கைக்கீரையை உருவலாம். தட்டுகளைக் கொண்டு வைக்கலாம். ஏழு எட்டு வயதுப் பிள்ளை சின்ன வெங்காயம் உரிக்கலாம். அரிசி, பருப்பை அளந்து களையலாம். அரிசியை இரண்டு முறை களைந்தால் போதும். அளவுக்கு மீறிக் கழுவினால் நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் வீணாகும் என்பதை அப்போதே சொல்லிக் கொடுக்கலாம். பத்து, பன்னிரண்டு வயதில் பெரியவர் பார்த்திருக்கக் காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், அரைக்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் அடுப்பருகே நின்று கிளறவும் தாளிக்கவும் பழகலாம்.

செய்முறையில் அறிவியலும் இருக்கிறது. முதலில் பருப்பை அரை வேக்காடாக வேகவைத்து, அதில் அரிசியைச் சேர்க்க வேண்டும். பிறகு எளிதில் வேகாத காய்களையும், அடுத்து விரைவில் வேகும் கத்தரிக்காயையும் போட வேண்டும். மாங்காயும் புளியும் கடைசியில்தான். ஏன் தெரியுமா? புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பும் காயும் எளிதில் வேகாமல் விறைத்து நிற்கும். அமிலம் காய்களின் திசுவை இளகவிடாமல் தடுப்பதே காரணம். அரைத்த விழுதையும் கீரையையும் சேர்த்து ஒரு கொதி வந்தபின் தாளித்துக் கொட்டி இறக்கினால் கூட்டாஞ்சோறு தயார். வேதியியல் வகுப்பில் அமிலத்தைப் பற்றிப் படிக்கும்போது, இந்த மாங்காய்த் துண்டு நினைவுக்கு வந்தால் பாடம் எளிதாகும்.

கீரை உருவிய தம்பி தன் தட்டில் கீரையை ஒதுக்குவதில்லை. "இது நான் உருவியது" என்று மற்றவர்களுக்கும் காட்டுகிறான். கீரை தின்னச் சொல்லி ஆயிரம் முறை அதட்டுவதைவிட, ஒருமுறை கீரைக் கொத்தைக் கையில் கொடுப்பது பயன் தரும்.

தம்பிமாரும் அடுக்களையும்

ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். திருமண வீடுகளில் பெரிய அண்டாவின் முன் நின்று சமைக்கும் தவசிப்பிள்ளைகள் ஆண்கள்தாம். உணவு விடுதிகளில் தோசை வார்ப்பவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள்தாம். கூலிக்குச் சமைத்தால் இழிவில்லை, சொந்த வீட்டில் தாய்க்காகச் சமைத்தால் இழிவு என்பது என்ன நியாயம்?

இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று உண்டு. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள் என்றும், அத்தகைய வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள் என்றும் அது காட்டியது. 299 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2024-ல் நடந்த ஆய்வில் இவை 289, 88 என்று இருந்தன. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! இடைவெளி அப்படியே இருக்கிறது.

நம் மலைக்கு அப்பால் இருக்கும் கேரளத்தில், 2024-ல் வெளியான மூன்றாம் வகுப்புப் பாடநூலில் ஒரு படம் இடம்பெற்றது. அதில் தந்தை அடுக்களைத் தரையில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். அந்த ஒரு படம் பெரிதாகப் பேசப்பட்டது. ஒரு தந்தை தேங்காய் துருவுவது செய்தியாகிறது என்றால், நாம் போக வேண்டிய தூரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் தயக்கமே கூடாது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்குக் காட்சி தந்ததை அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரவு முழுவதும் வலைவீசிக் களைத்துக் கரையேறிய இராயப்பரும் மற்றவர்களும் அங்கே கண்டது என்ன? கரி நெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. சாவை வென்றவர் தம் நண்பர்களுக்குக் காலை உணவு ஆக்கி வைத்துவிட்டு உண்ண அழைத்தார். அடுப்பருகே அமர்ந்தது அவருடைய மாட்சிமையைக் குறைக்கவில்லை. நம் அண்ணன் தம்பிமாரின் மாட்சிமை மட்டும் அதனால் குறைந்துவிடுமா?

கடைசியாக உண்பவர்

ஆக்குவதில் பங்கு கொண்டால்தான் இன்னொன்றும் கண்ணில் படும். எல்லாரும் உண்டு எழுந்தபின், பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதைக் கொண்டு தனியே உண்பவர் அம்மா. பொரித்த மீன் எண்ணிக்கையில் குறைந்தால் குறைவது அவருடைய பங்குதான். "எனக்குப் பசியில்லை" என்று அவர் சொல்வதை நாமும் எளிதில் நம்பிவிடுகிறோம்.

இது வெறும் மனவருத்தம் தரும் செய்தி மட்டும் அன்று, உடல்நலம் பற்றியது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் 100-க்கு 31 பேருக்கும் இக்குறை இருந்தது. அதாவது நம்மைப் போன்ற மாணவியரில் பாதிக்கு மேற்பட்டோர்! இதற்குக் காரணங்கள் பல உண்டு. மாதவிலக்கில் இரத்த இழப்பு, குடற்புழு, பேறுகாலம் ஆகியவை அவற்றுள் சில. ஆனால் உடலுக்கு இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிறவரே வீட்டில் குறைவாக உண்டால் குறை எப்படித் தீரும்?

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் உருவாக இரும்பு தேவை. முருங்கைக்கீரை, கேப்பை, பயறு வகைகள், ஈரல், இறைச்சி முதலியவற்றில் அது கிடைக்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்து உண்டால் உயிர்ச்சத்து 'சி' அதை ஏற்க உதவுகிறது. உண்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் ஏற்பது குறைகிறது. ஆகவே கீரையும் சோறும் உண்டு, ஓரிரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிப்பது நல்லது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தோழியர் சிலர் முகம் சுளித்து வாங்குவது சரியன்று.

இதற்கு நான் கூறும் வழி மிக எளியது. பிள்ளைகளில் ஒருவர் பரிமாறும் பொறுப்பை ஏற்க வேண்டும். முதல் தட்டை அம்மாவுக்குப் போட்டு, அவரை உட்கார வைக்க வேண்டும். தண்ணீர், உப்பு, ஊறுகாய் எல்லாம் முன்னரே எடுத்து வைத்துவிட்டால் அவர் எழ வேண்டிய தேவை இராது. வேண்டியதை அவரவரே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் இவ்வாறு செய்கிறோம். முதல் இரண்டு வாரமும் அம்மா பாதியில் எழுந்து எழுந்து போனார்கள். இருந்து உண்ணுவதும் பழக்கத்தால்தான் வருகிறது போலும்.

சேர்ந்து உண்ணுதல்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015 நவம்பர் 11 அன்று வழங்கிய பொது மறைக்கல்வி உரையைக் குடும்பம் சேர்ந்து உண்பதற்கென்றே ஒதுக்கினார். உணவு மேசையில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தொலைக்காட்சியையும் கைபேசியையும் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் குடும்பமாகவே இராது என்னும் கருத்தை அவர் வருத்தத்தோடு வெளியிட்டார். நம் வீடுகளில் மேசை இல்லாமல் பாய் இருக்கலாம். ஆனால் கைபேசி எல்லா வீட்டிலும் இருக்கிறது!

சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உண்ணும் வழக்கம் நம் திருச்சபை வாழ்விலும் உண்டு. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிக் கோயில் திருவிழாக்களில் அசனம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அரிசி கொடுப்பார்கள், சிலர் காய், சிலர் விறகு. எதுவும் கொடுக்க இயலாதவர் வந்து காய் நறுக்குவார். பிறகு எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பார்கள். கொடுத்தவர், கொடுக்காதவர் என்று அங்கே வேறுபாடு இல்லை.

ஜப்பான் நாட்டில் பள்ளி உணவு 1889-ல் யமகதா மாநிலத்துத் ட்சுருவோகா என்னும் ஊரில் தொடங்கியது. இன்று அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களே முறைவைத்து, வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, உணவை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அவ்வுணவையே அவர்களோடு அமர்ந்து உண்கிறார். மாணவரும் மாணவியரும் ஒருங்கே இதைச் செய்கிறார்கள். 2005-ல் உணவுக் கல்விக்கென்று அந்நாட்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. உண்பதும் பரிமாறுவதும் கல்வியின் பகுதி என்று அவர்கள் கருதுகிறார்கள்.

நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கியதன்று. பெருந்தலைவர் காமராசர் காலத்தில் 1956-ல் மதிய உணவும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-ல் சத்துணவும், 2022-ல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டன. பசித்த பிள்ளைக்கு உணவு கொடுக்கும் கடமையைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. பிறருக்கு உணவு கொடுக்கப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் கடமை வீட்டுக்கு உண்டு.

பகிர்தல் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை வேறு பாத்திரத்தில் போட்டு ஏழைகளுக்கென்று சேர்க்கும் பிடியரிசி வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இப்படிக் கைப்பிடி அரிசி சேர்த்தே தங்கள் திருச்சபையைத் தாங்கி வருகிறார்கள். தவக்காலத்தின் 40 நாளும் அரிசி அளக்கும் பிள்ளை இதைச் செய்யலாமே!

சில ஐயங்களும் விடைகளும்

"படிக்கிற பிள்ளைக்கு எதற்குச் சமையல்? நேரம் வீணாகும்" என்று பெற்றோர் சிலர் எண்ணலாம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் படிக்கும் எனக்கும் நேரத்தின் அருமை தெரியும். ஆனால் ஆளுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் கொடுத்தால் போதும். நான்கு பேர் இருபது நிமிடம் கொடுத்தால் அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். வெங்காயம் உரித்துக்கொண்டே வாய்பாடும் செய்யுளும் ஒப்பிக்கலாம். தேர்வு நாட்களில் பங்கைக் குறைத்துக்கொண்டு விடுமுறையில் ஈடு செய்யலாம்.

"அடுப்பு ஆபத்தாயிற்றே" என்பது நியாயமான அச்சம். அதற்குச் சில விதிகள் உண்டு. சிறு பிள்ளைகள் அடுப்பருகே போகக் கூடாது. நைலான் உடையோடும் தொங்கும் தாவணியோடும் தீயருகே நிற்கக் கூடாது. வாணலியின் பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். குக்கரின் ஆவி முழுவதும் அடங்கியபின் பெரியவரே திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் எரிவாயு உருளையின் குமிழை மூட வேண்டும். ஒருவேளை சுட்டுக்கொண்டால் பற்பசை, மாவு, மை எதையும் தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, காயம் பெரிதானால் மருத்துவரிடம் போக வேண்டும்.

"பிள்ளைகள் செய்தால் சிந்தும், உடையும், நேரமாகும்" என்பது அம்மாமார்களின் குறை. உண்மைதான். சிறுவீட்டுப் பொங்கலில் ஆச்சிமார் காட்டும் பொறுமையைத்தான் இங்கே வேண்டுகிறோம். பிள்ளை கற்கும் காலத்தில் வேலை இரட்டிப்பாகும். கற்றபின் பாதியாகும். சிந்தியதைத் துடைப்பதும் பிள்ளையின் பங்கே.

நிறைவாக

ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளரும் எழுதினர். ஆனால் அந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்று அருளப்பர் மட்டுமே குறிப்பிடுகிறார். அந்த அப்பத்தைச் சுட்டவர் யார் என்று யாரும் எழுதவில்லை. எந்தத் தாயோ விடியுமுன் எழுந்து சுட்டிருக்கலாம். அவளுடைய உழைப்பும் அச்சிறுவனின் பகிர்வும் ஆண்டவருடைய கையில் சேர்ந்தபோதுதான் அத்தனை பேர் பசி தீர்ந்தது. திருப்பலியிலும் பீடத்திற்கு நாம் கொண்டு செல்வது கோதுமை மணியை அன்று. அரைத்து, பிசைந்து, சுட்ட அப்பத்தை. மனிதக் கை பட்ட உணவையே அவர் தம் உடலாக்கித் தருகிறார்.

அன்புத் தோழியரே, வரும் கோடை விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு வேலையை நம்முடையதாக ஏற்போம். அண்ணன் தம்பிக்கும் ஒன்றைக் கொடுப்போம். வாரத்தில் ஒரு வேளையேனும் கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, குடும்பமாக ஆக்கி, குடும்பமாக உண்போம். பெற்றோர்களே, உங்கள் அடுக்களையில் எங்களுக்கும் ஒரு சிறு பானை வையுங்கள். அதில் பொங்குவது சில நாள் குழைந்திருக்கும், சில நாள் உப்புக் கரிக்கும். பொறுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து உண்ணுங்கள். அம்மாவின் தட்டில் சோறு சூடாக இருக்கும் வேளையே அந்த வீட்டுக்குப் பொங்கல் நாள்.